பழியைப் பேராசை மேல் போடாதீர்கள்

கேள்வி: ஒரே காப்பிக் கோப்பைக்கு, கையில் வைத்திருப்பவர் ஒரு விலையும் வாங்க வந்தவர் அதில் பாதி விலையும் சொல்வதாக அமெரிக்காவில் சோதனை செய்து கண்டுபிடித்திருக்கிறார்களாமே! மனிதனின் பேராசைக்கு இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்? எங்கள் வகுப்பிலும் இதைச் செய்து காட்டலாமா?
– ஒரு பொருளியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: பேராசையா? பட்டிமன்றத்தோடு இந்தப் பகுதிக்கு இருக்கும் பகை பழையது. விலைவாசி ஏறினால் பேராசை, குளம் வற்றினால் பேராசை, மணமகன் ஓடிப்போனாலும் பேராசை. நடுவருக்குக் கைதட்டல் கிடைக்கும். நமக்கு ஒன்றும் விளங்காது. இப்போது காப்பிக் கோப்பையையும் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

முதலில் நடந்ததைப் பாருங்கள். கானமென், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் எழுதிய கட்டுரை அது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 44 மாணவர்கள். ஒருவர் விட்டு ஒருவராக 22 பேருக்குப் பல்கலைக்கழக முத்திரை போட்ட கோப்பை. கடையில் அதன் விலை 6 டாலர். கிடைக்காதவர்கள் பக்கத்து ஆளுடையதை வாங்கிப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். படிவத்தில் வரிசையாக விலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விற்பேன், விற்கமாட்டேன் என்று குறிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வாங்குவேன், வாங்கமாட்டேன். கோப்பையைப் பங்கிட்டது உட்கார்ந்த வரிசை மட்டுமே என்பதால், அதை அதிகம் விரும்புகிறவர்களில் பாதிப் பேர் கையில் அது இருக்காது. ஆக, சுமார் 11 கோப்பைகள் கைமாற வேண்டும். நான்கு சுற்றுகளில் மாறியவை 4, 1, 2, 2. விற்பவர்கள் பக்கம் இடைநிலை விலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் விலை, 5.25 டாலர். வாங்குபவர்கள் பக்கம் 2.25 முதல் 2.75 வரை.

இதே மாணவர்கள், கோப்பைச் சுற்றுகள் தொடங்கும் முன்பு வெறும் வில்லைகளை விற்று வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய வில்லை எத்தனை டாலருக்குச் சமம் என்று எழுதியே கொடுத்தாயிற்று. எதிர்பார்த்தது 11 கைமாற்றம். நடந்தது 12, 11, 10. பேராசைக்காரர்கள் அரை மணி நேரம் மகான்களாக இருந்துவிட்டுக் கோப்பையைக் கண்டதும் மாறிவிட்டார்களா?

இன்னொரு சோதனையில் மூன்றாவதாக ஒரு கூட்டத்தைச் சேர்த்தார்கள். இவர்கள் கையில் கோப்பை கிடையாது. “கோப்பை வேண்டுமா, அதற்குப் பதில் இத்தனை டாலர் வேண்டுமா?” என்று மட்டும் கேள்வி. விற்பவர் நிலையும் கணக்குப்படி இதேதான்: எழுந்து போகும்போது கோப்பையோடு போவார், இல்லாவிட்டால் பணத்தோடு போவார். ஆனால் விற்பவர்கள் கேட்டது 7.12 டாலர், இவர்களுக்கு 3.12 போதுமாக இருந்தது. வாங்குபவர்கள் கொடுக்க வந்தது 2.87. காசில் கண்ணாக இருப்பது காரணமென்றால் முதல் இரண்டு எண்களும் ஒட்டி நின்றிருக்கும். உறுத்துவது கையிலிருப்பதை விடுவதுதான். (இந்தத் துறையே கோப்பையில் ஓடுகிறது. கோப்பை, பேனா, சாக்லேட். சோதனைக்கூடம் அமைக்க விண்ணப்பித்தால் கல்யாணத் தாம்பூலப் பைக்கான பட்டியலோ என்று கணக்குப் பிரிவு சந்தேகப்படும். இரண்டு மூன்று நோபல் பரிசுகளுக்குப் பின்னால் ஒரு பீங்கான் வியாபாரி நின்றிருப்பார். அவரை மேடைக்கு யாரும் அழைக்கவில்லை.)

சரி, வகுப்புக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலும் சொதப்புவார்கள். “உங்கள் விலையை எழுதுங்கள்” என்றால் பிள்ளைகள் பேரத்தின் முதல் விலையை எழுதுவார்கள். அது பழக்கம். ஆகவே விலையைப் பெட்டியிலிருந்து சீட்டாக எடுங்கள். வந்த விலை ஒருவர் கேட்டதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் விற்பனை, ஆனால் சீட்டில் வந்த விலைக்கே. தனக்கு 60 ரூபாய் பெறும் கோப்பைக்கு ஒருத்தி 100 என்று எழுதி, சீட்டில் 80 வந்தால் விற்பனை இல்லை. 20 ரூபாய் லாபம் போச்சு. வாங்குகிறவர் 60 பெறும் பொருளுக்கு 40 என்று எழுதி, 50 வந்தால் அவருக்கும் பட்டை நாமம். இதைச் சொன்னால் போதாது. உண்மைக் காசு வைத்து இரண்டு மூன்று ஒத்திகைச் சுற்று நடத்துங்கள். பெட்டிக்குள் அதிகபட்சம் எவ்வளவு என்று சொல்லாதீர்கள். விடைகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். படிவத்தில் பெயர் வேண்டாம், எண் போதும். கோப்பையைக் கொடுக்கும்போது “பரிசு” என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். பரிசை விற்க யாருக்கும் கூசும். முதல்வர் படம் போட்ட கோப்பையும் வேண்டாம். விலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் குறிக்கப் படிவத்தில் இடம் இருக்காது.

இத்தனையும் செய்தால் இன்னொரு தலைவலி. பிளாட், சைலர் இருவரும் 2005இல் இப்படி ஒத்திகை, மறைவு எல்லாம் சேர்த்துச் செய்தபோது கோப்பை விஷயத்தில் விற்பவர் விலைக்கும் வாங்குபவர் விலைக்கும் உள்ள இடைவெளி காணாமல் போனது. 2011இல் வேறு மூவர் அதைத் திரும்பச் செய்தார்கள். கோப்பைக்குப் போனது, லாட்டரிக்கு மட்டும் இடைவெளி அப்படியே நின்றது. எனவே ‘ஒன்றுக்கு இரண்டு என்பது மனித இயல்பு’ என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். விளையாட்டு நினைவுப்பொருள் சந்தையில் ஜான் லிஸ்ட் பார்த்தபோது, கொடுத்த பொருளை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ள முன்வந்தவர்கள் சாதாரணச் சேகரிப்பாளர்களில் ஐந்தில் ஒருவர் சொச்சம். வியாபாரிகளில் பாதிக்குச் சற்றே குறைவு. சந்தைப் பழக்கம் பிடிப்பைத் தளர்த்துகிறது என்றார்கள். பிறகு தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களிடம் போனால் தலைகீழ்! சந்தையை விட்டு ஒதுங்கி வாழ்பவர்கள் பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டார்கள். சுற்றுலாப் பயணிகளோடு புழங்குகிறவர்கள்தான் கொடுத்ததை இறுகப் பிடித்தார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியது. கெட்டுப்போன கடலுக்கு என்ன விலை? “இன்னொரு முறை நடக்காமல் தடுக்கத் துணைக்கப்பல் விட, ஒரே தடவை எவ்வளவு வரி கொடுப்பீர்கள்?” என்று நாடெங்கும் வீடு வீடாகக் கேட்டார்கள். இடைநிலை விடை குடும்பத்துக்கு 31 டாலர். மொத்தம் 280 கோடி டாலர். “கெட்டுப்போனதற்கு எவ்வளவு கொடுத்தால் சமாதானமாவீர்கள்?” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தொகை எங்கேயோ போயிருக்கும். நோபல் பெற்ற பொருளியலாளர்கள் ஆரோவும் சோலோவும் தலைமை வகித்த அமெரிக்க அரசுக் குழு 1993இல் முதல் வகைக் கேள்வியையே பரிந்துரைத்தது. அதுதான் அடக்கமான எண்ணைத் தரும் என்ற காரணத்தையும் எழுதியே வைத்தது. கடலைப் பறிகொடுத்தவர்களை வாங்க வந்தவர்கள் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள், டீச்சர். பேராசை பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் அந்த வகுப்பை எடுங்கள்.