மூணாம் கிளாஸ் பசங்களுக்கு விளையாட்டாவே இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க முடியுமா?

தாராளமா முடியும், ஆனா பசங்க வாயத் திறக்கணும், சும்மா ஓடியாடுனா பத்தாது. 2022ல தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயே 1-3 வகுப்புக்கு ஆட்டம் பாட்டெல்லாம் இருக்கு. தமிழ்ல "பின்"னு எழுதுனா அது இங்கிலீஷ் pin-ஆ (குண்டூசி) bin-ஆ (குப்பைத்தொட்டி)ன்னு தெரியாது, ரெண்டுக்கும் ஒரே 'ப' தான், அங்கதான் பல பசங்க குழம்புறாங்க. நான் என்ன பண்ணுவேன்னா ரெண்டு படத்தையும் மூலைக்கு ஒண்ணா ஒட்டிட்டு ஒரு பொண்ண கூப்பிட்டு pin, bin ரெண்டுல ஏதோ ஒண்ண சொல்லச் சொல்வேன், மத்ததுங்க கேட்டுட்டு சரியான மூலைக்கு ஓடணும், பாதி கிளாஸ் தப்பா ஓடி ஒரே சிரிப்பு. சந்தேகம்னா உதட்டுக்கு முன்னாடி டிஷ்யூ பேப்பர் பிடிங்க, pin-னு சொன்னா படபடன்னு ஆடும், bin-னு சொன்னா லேசாதான் அசையும். தோத்தவங்கள மட்டும் அவுட்டுன்னு உக்கார வெச்சிடாதீங்க, இன்னும் நாலு தடவ பேச வேண்டியதே அந்தப் புள்ளதான்.