கேள்வி–பதில்: டாக்ஸி வாடகையில் தொடங்கிய டைரி

கே: ஓவியர் ஆண்டி வார்ஹால் பேனாவே பிடிக்காமல் பத்து வருடம் டைரி வைத்திருந்தாராமே? என் டைரி ஒவ்வொரு வருடமும் பொங்கலோடு நின்றுபோகிறது. நானும் செல்போனில் பேசிப் பதிவு செய்துவிட்டால் என்ன? (வாசகி, கும்பகோணம்)

ப: செய்யலாம். பிப்ரவரிவரை தாங்கும்.

போன இடமெல்லாம் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், அதை 'என் மனைவி' என்று சொன்னவர் வார்ஹால். அவரே டைரிக்குக் கருவியை நம்பவில்லை. வார நாள்களில் காலை ஒன்பது மணி வாக்கில் பாட் ஹாக்கெட் என்ற பெண்மணியோடு ஃபோனில் பேசி முந்தின நாளை ஒப்பிப்பார். சனி, ஞாயிறு பாக்கி திங்களன்று. ஹாக்கெட் தாளில் குறித்துக்கொண்டு, குரல் காதில் இருக்கும்போதே தட்டச்சு செய்துவிடுவார்.

இலக்கிய ஆசையெல்லாம் இல்லை, வருமான வரி பயம்! 1972 அமெரிக்க அதிபர் தேர்தலில், அப்போதைய அதிபர் நிக்ஸனுக்குப் பச்சை முகம் தீட்டி, கீழே அவரை எதிர்த்து நின்ற 'மெக்கவர்னுக்கு வாக்களியுங்கள்' என்று எழுதிய சுவரொட்டி இவருடையது. அந்த வருடம் முதல் வரித்துறையின் தணிக்கை ஆண்டுதோறும் வந்தது. செலவுக்குக் கணக்கு வேண்டுமே? 1976 நவம்பரில் டைரி பிறந்தது. டாக்ஸிக்கு எத்தனை டாலர், பத்திரிகைக்கு எவ்வளவு, பொது ஃபோனில் போட்ட பத்து சென்ட் உட்பட. அச்சான புத்தகத்திலும் டாக்ஸி வாடகை அடைப்புக்குறிக்குள் அப்படியே நிற்கிறது.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது தொகை எழுதும் இந்தப் பழக்கத்தைத்தான். 'இன்று மனசு சரியில்லை' என்று தொடங்கினால் இரண்டாவது வரி வராது. 'ஆட்டோ 80 ரூபாய்' என்று தொடங்குங்கள். எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், அங்கே யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் பின்னாலேயே வரும்.

குரல் பதிவில் சிக்கல் இது: தினம் பத்து நிமிடம் என்றால் மாதம் ஐந்து மணி நேரம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலு மணி நேரமாவது பிடிக்கும். ஆக, இருபது மணி நேர வேலை சேர்ந்துவிடும், யாரும் உட்காரமாட்டார்கள். அன்றன்றே எழுதியதால்தான் ஹாக்கெட்டிடம் சுமார் 20,000 பக்கம் தேறியது. 1987 பிப்ரவரியில் வார்ஹால் இறந்த பிறகு அதை எண்ணூறு சொச்சம் பக்கமாக வெட்டி 1989-இல் வெளியிட்டார். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல் இல்லாமல் வந்தது அந்தப் புத்தகம். தன்னைப் பற்றி என்ன வம்பு இருக்கிறது என்று தேடிய பிரபலங்கள் முழுதும் புரட்ட வேண்டியதாயிற்று.