ஃபார்மகாலஜிக்கு ட்யூட்டர் தேடும் முன்

அம்மாவுக்கு வணக்கம்.

மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டில் ஃபார்மகாலஜியில் (மருந்தியலில்) மட்டும் தேறவில்லை, மற்ற பாடங்களையெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறாள், நல்ல ட்யூட்டர் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் எந்த ஆள் என்று முடிவு செய்ய, அவள் எந்த இடத்தில் சறுக்குகிறாள் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் யாரிடம் சேர்த்தாலும், காலையில் கல்லூரியில் கேட்ட அதே வகுப்பை மாலையில் இன்னொரு முறை கேட்டுவிட்டு வருவாள். களைப்புதான் மிஞ்சும்.

அவளுடைய விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாடம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், "இது ஏன் தப்பாகப் போச்சு?" என்று அவளையே சொல்லவிடுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில் வரும். "மருந்தின் பெயர் மறந்துபோச்சு" என்றால் அது மனப்பாடச் சுமை. "கணக்கு வரவில்லை" என்றால் டோஸ் கணக்கீடு. "இந்த மருந்து ஏன் அப்படிச் செய்கிறது என்றே புரியவில்லை" என்றால், கோளாறு ஃபார்மகாலஜியில் இல்லை. முதல் ஆண்டு உடலியங்கியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இந்த மூன்றுக்கும் தேவைப்படும் ஆசிரியர் ஒருவரே அல்லர். கணக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் சில வாரப் பயிற்சியே போதும். வருடம் முழுக்க ட்யூஷன் வைத்து அவளுடைய தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வகைதான் நான் அதிகம் பார்ப்பது. அதுவும் தன்னியக்க நரம்பு மண்டலம், அதாவது நாம் நினைக்காமலே இதயத்தையும் மூச்சுக்குழாயையும் குடலையும் இயக்கும் நரம்புகள், என்ற ஒரு பாடத்தில்தான் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள். உடலை முடுக்கிவிடும் சிம்பதெட்டிக், அமைதிப்படுத்தும் பாராசிம்பதெட்டிக் என்று இரண்டு பக்கம். ஆல்ஃபா, பீட்டா என்று ரிசெப்டர்கள், அதாவது மருந்து போய் ஒட்டும் இடங்கள். அதில் பீட்டா ஒன்று இதயத்தில், பீட்டா இரண்டு மூச்சுக்குழாயில். இது புரிந்துவிட்டால், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் எடுத்த நோயாளிக்கு ஏன் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று தானாகவே சொல்லலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு பீட்டா ரிசெப்டர்களை அடைக்கும் ப்ரோப்ரனலால் ஏன் ஆகாது, பாராசிம்பதெட்டிக் பக்கத்தைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தால் ஏன் வாய் உலர்ந்து சிறுநீர் கட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் அதே ஒரு படத்திலிருந்து வரும். புரியாவிட்டால் இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய பத்துப் பதினைந்து பக்கங்கள். அதனால் ட்யூட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை வருட அனுபவம்?" என்பது அல்ல. "என் மகள் இந்தப் பாடத்தில் பின்தங்கியிருந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். மருந்துப் பட்டியலிலிருந்து தொடங்குகிறவரைவிட, "முதலில் நரம்பு மண்டலத்தை ஒரு தாளில் வரையச் சொல்வேன்" என்கிறவர் உங்கள் மகளுக்குப் பயன்படுவார்.

யாரிடம் தேடுவது? கல்லூரிக்குள்ளேயே தொடங்குங்கள். பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் போய், "எனக்கு இந்த இடம் புரியவில்லை" என்று குறிப்பாகச் சொல்லும் மாணவியைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் குறைவு. அடுத்தது, அதே பாடத்தில் நன்றாகத் தேறிய சீனியர். வினாத்தாளின் போக்கு அவர்களுக்குத் தெரியும். சிக்கிய இடம் இன்னும் நினைவில் இருக்கும். வெளியே போனால், வார்டில் வேலை பார்த்த அனுபவத்தோடு மேற்படிப்பு படிக்கும் நர்ஸ், மருத்துவமனையில் பணியாற்றும் மருந்தாளுநர், ஃபார்மகாலஜி முதுகலை மாணவர் ஆகியோர் கிடைப்பார்கள். முதுகலை மாணவருக்கு மருந்தின் செயல்முறை அத்துப்படியாக இருக்கும். ஆனால் நர்சிங் தேர்வு கேட்பது வேறு. மருந்து கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பின் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது கொடுக்காமல் நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்பதுதான் அதன் உயிர். என்னைக் கேட்டால், மருந்து பரிமாறிய கை உள்ளவருக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். செயல்முறையில் ஆழம் கொஞ்சம் குறைந்தாலும் அதைப் புத்தகத்தில் ஈடுகட்டலாம். படுக்கையருகே நிற்கும்போது வரும் யோசனை புத்தகத்தில் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

கட்டணம் பேசும் முன் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். அதற்கு உங்கள் மகள் ஒரு கேள்வியோடு போகட்டும்: "ஒரு நோயாளிக்கு டிஜாக்சினும் ஃப்யூரோசமைடும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். நர்ஸ் எதைக் கவனிக்க வேண்டும்?"

டிஜாக்சின் இதயத்துக்கான மருந்து, ஃப்யூரோசமைடு சிறுநீரைக் கூட்டும் மருந்து. இதில் பதிலைவிட, பதில் வரும் விதம் முக்கியம். "பொட்டாசியம் பார்க்கணும், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த மருந்துக்குப் போகிறவர் ஒரு ரகம். இன்னொருவர் அவளையே கேட்பார்: ஃப்யூரோசமைடு சிறுநீரை வெளியேற்றும்போது கூடவே என்ன போகும்? பொட்டாசியம் போகும். டிஜாக்சின் இதயத் தசையில் எங்கே போய் ஒட்டுகிறது? சோடியத்தைச் செல்லுக்கு வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் சோடியம்–பொட்டாசியம் பம்பில். அதே இடத்துக்கு பொட்டாசியமும் போட்டி போடுகிறது. அப்படியானால் பொட்டாசியம் குறைந்தால்? டிஜாக்சின் கூடுதலாக ஒட்டும். டோஸை ஏற்றாமலேயே நச்சுத்தன்மை வரலாம். நோயாளி உன்னிடம் என்ன சொல்வார்? பசியில்லை, குமட்டுகிறது, பார்க்கிற பொருளெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்பார். மருந்தைக் கொடுக்கும் முன் நீ என்ன செய்வாய்? இதயத் துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவேன். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் வைத்துக்கொண்டு மருத்துவருக்குத் தெரிவிப்பேன்.

இந்த உரையாடலில் உங்கள் மகள் பாதிக்குப் பாதி பேசியிருந்தால் அவரையே அமர்த்துங்கள். ஒரு மணி நேரமும் ட்யூட்டரே பேசி, அவள் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்திருந்தால், "அருமையாச் சொல்லிக்கொடுத்தாங்கம்மா" என்று அவளே பாராட்டினாலும் யோசியுங்கள். கேட்கும்போது புரிந்தது போலத்தான் இருக்கும். மறுநாள் குறிப்பேட்டை மூடிவிட்டு அதையே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள், நிலவரம் தெரிந்துவிடும்.

மாதிரி வகுப்பில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. ஏதாவது ஒரு டோஸ் அளவைப் பற்றிச் சந்தேகம் கேட்கும்போது, நம்பகமான மருந்துக் கையேட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறாரா, நினைவிலிருந்து அடித்துவிடுகிறாரா? பார்த்துச் சொல்கிறவரைத் தெரியாதவர் என்று நினைக்காதீர்கள். வார்டில் உங்கள் மகளுக்கு வர வேண்டிய பழக்கமே அதுதான்.

டோஸ் கணக்கில் பயம் இருந்தால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கணக்கு என்னவோ எளிதுதான். 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் ஏற்றும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 20,000-ஐ 480 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. சூத்திரம் தெரிந்த எல்லோரும் இதைப் போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் தடுமாறுவது அடுத்த படியில். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாரசிட்டமால் என்றால் 180 மில்லிகிராம். கையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், ஆக 7.5 மில்லி. அதே மருந்து, வேறு பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம், அதில் 3.6 மில்லிதான். லேபிளைப் பார்க்காமல் பழக்கத்தில் 7.5 மில்லி ஊற்றினால் குழந்தைக்கு 375 மில்லிகிராம் போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல ட்யூட்டர் விடை சரியா தப்பா என்று டிக் அடிப்பதோடு நிறுத்த மாட்டார், "இந்த விடை நம்பும்படி இருக்கிறதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். மைக்ரோகிராமும் மில்லிகிராமும் குழம்புவது, 0.5 என்று எழுத வேண்டிய இடத்தில் பூஜ்யத்தை விட்டு வெறும் புள்ளியோடு எழுதுவது, 5 என்பதை 5.0 என்று எழுதி அது 50 ஆக வாசிக்கப்படுவது ஆகியவற்றை முதல் வாரத்திலேயே திருத்துகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். இங்கே போகும் மதிப்பெண் திரும்ப வரும். வார்டில் போகும் டோஸ் திரும்ப வராது.

மனப்பாடச் சுமைதான் பிரச்சினை என்றால், மருந்துப் பெயர்களின் வால்பகுதியைப் பிடிக்கச் சொல்லித்தரும் ஆளைத் தேடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1953-இல் பன்னாட்டு மருந்துப் பொதுப்பெயர்களின் முதல் பட்டியலை வெளியிட்டது. ஒரே குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே வாலை வைக்கும் அந்த முறை இன்றும் தொடர்கிறது. 'ஓலால்' என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர், அதாவது பீட்டா ரிசெப்டரை அடைக்கும் மருந்து, நாடித்துடிப்பைப் பார். 'ப்ரில்' என்று முடிந்தால் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏசிஇ தடுப்பான். வறட்டு இருமலைக் கேள், பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார். 'சார்ட்டன்', 'ஸ்டாட்டின்', 'ப்ரசோல்' எல்லாம் இப்படியே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மருந்தை முழுதாகத் தெரிந்துகொண்டு, மற்றவை அதிலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்று மட்டும் குறித்துக்கொண்டால் சுமை பாதியாகக் குறையும். படித்ததை அன்றே, மூன்றாம் நாள், பிறகு அடுத்த வாரம் என்று மூடிவைத்துச் சொல்லிப் பார்க்க வைக்கும் ட்யூட்டர், அழகான வண்ணக் குறிப்பு தருகிறவரைவிட மேல்.

ஆன்லைன் ட்யூட்டர் என்றால் ஒரு சிறு எச்சரிக்கை. வேறு நாட்டு முறையில் படித்தவராக இருந்தால் பெயர்களே மாறும். இவள் புத்தகத்தில் பாரசிட்டமால், அங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் எபினெஃப்ரின் ஆகும், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால் ஆகும், பெத்திடின் மெப்பெரிடின் ஆகும். சர்க்கரை அளவு, பொட்டாசியம் அளவு சொல்லும் அலகுகளும் மாறலாம். உங்கள் மகளின் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள் ஒன்றையும் முன்கூட்டியே அனுப்பி, அதன்படி எடுக்கச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். மற்றபடி ஆன்லைனா நேரிலா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. கேமராவும் எழுதுபலகையும் திறந்திருந்து, அவள் வாய் திறந்து பேசினால் சரி.

நர்சிங் தவிர்த்த மற்ற படிப்புகளில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்கும் சொல்வது, படிப்புக்கு ஏற்ற ஃபார்மகாலஜியைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான். பிசியோதெரபி மாணவருக்கு, பீட்டா பிளாக்கர் எடுக்கும் நோயாளியின் இதயத்துடிப்பு உடற்பயிற்சியில் அவ்வளவாக ஏறாது, அந்த எண்ணை மட்டும் நம்பிப் பயிற்சியைக் கூட்டக்கூடாது என்பது தெரிய வேண்டும். ஆய்வகத் தொழில்நுட்ப மாணவருக்கு, ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் அளவு பார்க்க இரத்தம் எடுத்த நேரம் ஏன் எழுதப்பட வேண்டும் என்று புரிய வேண்டும். கதிரியக்கப் பிரிவு மாணவருக்கு, சிறுநீரகம் பழுதான நோயாளி சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் எடுக்கும்போது, ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் ஏன் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். நர்சிங் மாணவி படிக்கும் அத்தனையும் தேவையில்லை.

சில பேரிடம் போகவே வேண்டாம். அசைன்மென்டை நானே எழுதித் தருகிறேன், ஆன்லைன் தேர்வில் உதவுகிறேன் என்கிறவர்கள், "வரப்போகும் கேள்வி" என்று சொல்லித் தாள் விற்கிறவர்கள், தேர்ச்சி உத்தரவாதம் என்று எழுதி மொத்தப் பணத்தையும் முன்பே கேட்கிறவர்கள். மாட்டிக்கொண்டால் கல்லூரி நடவடிக்கை அவள்மேல்தான் வரும். மாட்டாவிட்டால் இன்னும் மோசம்: மருந்து தெரியாமலே மருந்து கொடுக்கும் இடத்துக்கு அவள் போய் நிற்பாள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

நடைமுறைக்கு வந்தால், வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும். வார்டு டியூட்டி முடிந்து கால் கடுத்து வரும் நாளில் வகுப்பு வைக்காதீர்கள். கட்டணத்தை வகுப்புக்கு வகுப்போ மாதம் மாதமோ கொடுக்கும்படி பேசுங்கள். இதே பாடத்தில் தடுமாறும் தோழிகள் இரண்டு மூன்று பேர் இருந்தால் சேர்ந்தே படிக்கட்டும். ஒருத்திக்கு இன்னொருத்தி விளக்கும்போது பிடிபடும் அளவுக்கு ட்யூட்டர் சொல்லியும் பிடிபடாது.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. "எவ்வளவு மார்க் வந்தது?" என்று தினமும் கேட்பதை விட்டுவிட்டு, "இன்றைக்கு ஒரு மருந்தைப் பற்றிச் சொல்லு, எனக்குப் புரியுதா பார்க்கலாம்" என்று கேளுங்கள். வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் அவள் பேசப்போவதும் அதே மாதிரிதான். அவள் சரியாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, எல்லாப் பாடத்திலும் ஆர்வம் குறைகிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால் ட்யூட்டருக்கு முன் கல்லூரியின் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வைப்பது நல்லது.

ஐந்தாறு வாரம் கழித்து அதே பழைய விடைத்தாளை எடுத்து, தவறிய கேள்விகளைப் புத்தகம் பார்க்காமல் மறுபடி எழுதச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் காரணத்தோடு எழுதினால் அதே ட்யூட்டரிடம் தொடரலாம். வகுப்பை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளவும் பாருங்கள். பழைய இடத்திலேயே நிற்கிறாள் என்றால் தயங்காமல் ட்யூட்டரிடம் பேசுங்கள், எடுக்கும் முறையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்போம். விடைத்தாளின் நகலை எனக்கு அனுப்பிவைத்தால், முதல் மாதம் எதில் தொடங்கலாம் என்று அவளோடு சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டுத் தருகிறேன்.