வீட்டில் வளர்க்கும் மலைப்பாம்பு கையில் எடுக்கும்போது கடிக்காதா? கடித்தால் என்ன செய்வார்கள்?

கடிக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த மலைப்பாம்பு, எதற்காகக் கடித்தது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். நான் இருப்பது டெக்சாஸில். வீட்டில் ஒரு பால் பைதான் (Ball Python, பந்து மலைப்பாம்பு) இருக்கிறது. என் அனுபவம் பெரும்பாலும் அதோடுதான்.

மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்கும் உருவம் நம் கண்முன் வரும். பால் பைதான் அந்த ரகம் இல்லை. மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் நாடுகளில் இருந்து பல வருடங்களாக ஏற்றுமதியாகிறது. நன்றாக வளர்ந்தாலும் மூன்றிலிருந்து ஐந்தடிதான். பயம் வந்தால் முதலில் செய்வது தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருள்வது. கடிப்பது அதற்கு அப்புறம்தான். அமெரிக்காவில் முதல்முறை பாம்பு வாங்குகிறவர்கள் பலர் இதில் தொடங்குவதற்குக் காரணமும் அந்த சுபாவம்தான். உண்மையில் வாங்குமுன் யோசிக்க வேண்டியது கடியை அல்ல, ஆயுளை. சரியாகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் சாதாரணம். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் பால் பைதான், பல வருடங்களாக ஆண் துணையே இல்லாமல் இருந்து, 2020இல் முட்டையிட்டுச் செய்தியானது.

கையில் எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். மேலிருந்து கை வந்தால் பாம்புக்கு அது பருந்து. அதனால் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய், உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கித் தூக்க வேண்டும். தலையைப் பிடிக்கவே கூடாது. எடுப்பதற்கு முன் பாம்புக் கொக்கியால் உடம்பில் மெதுவாக ஒரு தட்டு தட்டுவேன். 'இப்போது சாப்பாடு இல்லை, தூக்கப் போகிறேன்' என்பதற்கான அடையாளம் அது. சில வாரங்களில் பழகிவிடும். தட்டியதும் இறுகியிருந்த கழுத்து தளர்வது கண்ணுக்கே தெரியும். கழுத்தைப் பின்னால் இழுத்து வளைத்து வைத்துக்கொண்டு உங்களையே பார்த்தால், அன்றைக்கு விட்டுவிடுங்கள். சட்டை உரிக்கப் போகும் நாட்களில் கண் பால் படர்ந்து நீலமாகத் தெரியும். அப்போது பார்வை மங்கலாக இருப்பதால் எதைத் தொட்டாலும் பதறும். இரை தின்ற பிறகு இரண்டு நாளாவது தூக்கக் கூடாது, விழுங்கியதைக் கக்கிவிடும். புதிதாக வந்த பாம்பையும் ஒழுங்காக இரையெடுக்கும் வரை தொடாமல் விட வேண்டும்.

'பழகிவிட்டது, என்மேல் பாசமாக இருக்கிறது' என்று வீடியோவில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நாய்க்கு இருக்கும் பாசம் பாம்புக்குக் கிடையாது. நம்மைச் சகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அது தெரிந்து வைத்திருப்பவர்கள்தான் குறைவாகக் கடி வாங்குகிறார்கள்.

இனி கடி. முதலாவது பயந்து கடிப்பது. அடித்துவிட்டு உடனே விட்டுவிடும், கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. எங்கள் பாம்பு முன்பு வேறு வீட்டில் எலும்பும் தோலுமாக இருந்து எங்களிடம் வந்தது. வந்த புதிதில் பெட்டியிலிருந்து மாற்றும்போது என் மணிக்கட்டில் ஒரு அடி. கருவேலங்காட்டுக்குள் கையை விட்டு எடுத்தது போலத்தான் இருந்தது. வலியைவிட அதிர்ச்சிதான் அதிகம். சிவப்புப் புள்ளிகள் வரிசையாக வளைந்து தெரிந்தன. சின்னக் காயத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே ரத்தம் வந்தது.

இரண்டாவது, இரை என்று நினைத்துக் கடிப்பது. இதில்தான் விஷயமே இருக்கிறது. மலைப்பாம்பின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. இருட்டில் எலியைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். எலி வாசனையோடு வெதுவெதுப்பான கை உள்ளே வந்தால் அதற்கு அது எலி. கடித்து, விடாமல் பிடித்து, சுற்றி இறுக்கும். அதனால்தான் எல்லோரும் உறைந்த எலியை வாங்கி, பனி விட வைத்து, வெந்நீரில் சூடாக்கி, நீளமான இடுக்கியால் கொடுக்கிறார்கள். ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் எலி இருப்பதற்கு என் மனைவி சம்மதித்தது தனிக்கதை. இப்போது அதற்கென்று தனியாகச் சின்ன ஃப்ரீசர் இருக்கிறது.

நண்பர் ஒருவர் கார்ப்பெட் பைதான் வளர்க்கிறார். ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்து இனம், சாப்பாட்டு விஷயத்தில் பால் பைதானைவிடப் பல மடங்கு வேகம். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றப் போனவரின் கட்டைவிரலைக் கவ்வி, முன்கையில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. மனிதர் கத்தவில்லை, கையை இழுக்கவில்லை. அப்படியே நடந்து போய்க் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, 'குழாயைத் திற' என்றார்.

ஏன் இழுக்கக் கூடாது? மலைப்பாம்புக்கு விஷம் இல்லை. ஆனால் மேலே நான்கு வரிசை, கீழே இரண்டு வரிசை என்று பற்கள் நிறைய. எல்லாம் மெல்லியவை, கூர்மையானவை, தொண்டைப் பக்கம் வளைந்தவை. உள்ளே போனது வெளியே வராமல் இருப்பதற்கான அமைப்பு. கையைப் பின்னால் இழுத்தால் புள்ளியாக இருக்க வேண்டிய காயம் கிழிசலாகும். பல் ஒடிந்து சதையிலேயே தங்கும், பாம்பின் வாயும் புண்ணாகும். பெரும்பாலான காயங்களில் பாம்பு செய்தது பாதி, இழுத்தவர் செய்தது மீதி.

செய்ய வேண்டியது இதுதான்: அசையாமல் இருங்கள். துடிக்காத இரையைப் பல நேரம் தானே விட்டுவிடும். விடாவிட்டால் தலைமேல் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். நண்பருக்கு அதுவே போதுமாக இருந்தது. அதற்கும் அசையாவிட்டால் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இரண்டு சொட்டு வாயோரத்தில் விடுவார்கள். அது பாம்பின் வாயை எரிக்கும் என்பதால் கடைசிக்குத்தான். சுற்றியிருப்பதை அவிழ்ப்பதென்றால் வால் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் பலம் குறைவு. தலையை விடுவிக்கும்போது முதலில் கடித்த திசையிலேயே கொஞ்சம் முன்னால் தள்ளி, பற்கள் கழன்ற பிறகு தூக்க வேண்டும்.

அப்புறம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். ஒடிந்த பல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் கடி, விரல் மூட்டில் ஆழமான கடி, சர்க்கரை நோயாளி, மறுநாள் வீக்கமும் சிவப்பும் கூடுவது, இவற்றில் எதுவானாலும் கைவைத்தியம் வேண்டாம். கடியே இல்லாவிட்டாலும் ஊர்வனவற்றின் உடம்பில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் கை கழுவியே ஆக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இவை வேண்டாம் என்றே இங்கே சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள்.

பர்மிய மலைப்பாம்பு, ரெட்டிகுலேட்டட் பைதான் போன்ற பெரிய இனங்களுக்கு மேலே சொன்னதெல்லாம் போதாது. எட்டடி தாண்டியதைத் தனியாகக் கையாளவே கூடாது, பக்கத்தில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். அவற்றில் ஆபத்து பல்லில் இல்லை, இறுக்குவதில் இருக்கிறது. 2009இல் ஃபுளோரிடாவில், பெட்டியிலிருந்து தப்பிய வளர்ப்பு பர்மிய மலைப்பாம்பு இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. அது எட்டடி சொச்சம்தான். டெக்சாஸில் சில பெரிய இனங்களை வைத்திருக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அது சரிதான் என்பது என் கருத்து.

ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு: இந்திய மலைப்பாம்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. பாங்காக்கில் இருந்து பெட்டிக்குள் பால் பைதானோடு வந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டியவர்களின் செய்தி அவ்வப்போது வருகிறது, அந்த வழியும் வேண்டாம்.

இன்னொன்று. தோட்டத்தில் கொழுத்த, புள்ளி போட்ட பாம்பைப் பார்த்து 'மலைப்பாம்புக் குட்டி' என்று கையில் எடுத்துவிடுகிறார்கள். கண்ணாடி விரியனும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்த மாதிரி ஒழுங்கான நீள்வட்டங்கள், மலைப்பாம்புக்கு ஒழுங்கில்லாத திட்டுகள். ஆனால் பயத்தில் இதைப் பார்த்துத் தெளிவதெல்லாம் நடக்காத காரியம். தொடாமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிடுங்கள். அப்படி ஒன்று கடித்துவிட்டால், நான் மேலே சொன்ன சோப்பு, தண்ணீர், அழுத்திப் பிடிப்பது எதுவும் உங்களுக்கு இல்லை. கடிபட்ட கையை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள்.