கிராண்ட் நேஷனல் சனிக்கிழமை: முதலில் அடித்தல், பிறகு தேடல்

ஏப்ரல் பிறந்தாலே எனக்குக் குதிரைக் கடிதங்கள் வந்து குவியும். லிவர்பூலுக்குப் பக்கத்தில் இருக்கும் எய்ன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் குதிரைப் பந்தயம் ஓடும் சனிக்கிழமைதான் காரணம். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்று: "எது ஜெயிக்கும்?" 34 குதிரைகள் வரை ஓடும். 30 தடைகள். ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர். இதில் ஜெயிக்கும் குதிரையை நேராகத் தேடிப் போனால் தலைதான் சுற்றும். நான் பேனாவும் ரேஸ் கார்டுமாக (ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல்) உட்கார்ந்து, ஜெயிக்காது என்று தோன்றும் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த அடித்தல் வேலைக்குத்தான்.

கிண்டியில் இருபது வருஷம் ரேஸ் பார்த்தவன் நான். நேஷனல் கார்டில் 11-12 என்று எடை போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 75 கிலோ வருகிறது. அச்சுப்பிழையா? (சென்னை வாசகர்)

பிழை இல்லை. 11 ஸ்டோன் 12 பவுண்டு என்றால் 75 கிலோவுக்குச் சற்று மேல். இந்தப் பந்தயத்தின் உச்ச எடை அதுதான். ஜாக்கி, சேணம், தேவைப்பட்டால் ஈயத் தகடு எல்லாம் சேர்ந்த கணக்கு. நீங்கள் பார்த்துப் பழகிய சமதளப் பந்தயத்தில் மூன்று, நான்கு வயதுக் குதிரை உச்சத்தில் இருக்கும். தடை தாண்டும் பந்தயத்தில் அந்த வயது பால்குடி மாறாத பருவம். எலும்பு முற்றி, தாண்டிப் பழகி, மூச்சைச் சேமிக்கக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும்.

வயதை வைத்தே முதல் அடித்தலைச் செய்யலாம். 2015 முதல் 2025 வரை பத்து நேஷனல்கள் ஓடின (2020இல் கொரோனா காரணமாக இல்லை). அதில் ஒன்பது தடவை ஜெயித்தது எட்டு அல்லது ஒன்பது வயதுக் குதிரை. மிச்சம் ஒன்று 2022இல் நோபிள் யேட்ஸ், ஏழு வயது. பத்து வயதைத் தொட்டுவிட்ட குதிரைமேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் நான் அடித்துவிடுவேன்.

நிறைய எடை சுமக்கும் குதிரை நேஷனலில் ஜெயிக்காது என்பது அப்பாவின் வேதவாக்கு. சரியா? (லெஸ்டர்)

அப்பாவின் காலத்துக்குச் சரி. நேஷனல் ஒரு ஹேண்டிகேப் பந்தயம், அதாவது திறமைக்கேற்ற சுமை. நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைவு. அந்த எடை என்ன செய்யும் என்பதற்கு 1973ஐ விட நல்ல சாட்சி கிடையாது. கிரிஸ்ப் என்ற குதிரை 12 ஸ்டோன் சுமந்துகொண்டு மற்றவர்களை எங்கேயோ விட்டுவிட்டு ஓடியது. கடைசித் தடைக்குப் பிறகு கோல் வரைக்கும் 494 கஜம் நேர் ஓட்டம். அங்கே அதன் கால்கள் குழைந்தன. அதைவிட 23 பவுண்டு, அதாவது பத்து கிலோவுக்கு மேல் குறைவாகச் சுமந்த ரெட் ரம் வந்து முக்கால் உடல் நீளத்தில் ஜெயித்தது. அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிரிஸ்பைத் தோற்ற குதிரை என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வராது. (ரெட் ரம் மறுவருஷமே 12 ஸ்டோன் சுமந்து ஜெயித்தது தனிக் கதை.)

ஆனால் இப்போது பந்தயத்தில் சேரவே தரப் புள்ளி 130 வேண்டும். 2024க்கு முன் 125 இருந்தால் போதும். அடிமட்டக் குதிரைகள் கழன்றுகொண்டதால் மேலே இருப்பவற்றின் கை ஓங்கிவிட்டது. 2024இல் ஐ ஆம் மேக்ஸிமஸ் 11 ஸ்டோன் 6 பவுண்டோடு ஜெயித்தது. 2025இல் நிக் ராக்கெட் 11 ஸ்டோன் 8. அதிக எடை என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பெயரையும் அடிக்காதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நேஷனல் எடைகள் பிப்ரவரியிலேயே அறிவிக்கப்பட்டுவிடும். பந்தயம் ஏப்ரலில். நடுவில் ஒரு குதிரை எவ்வளவு முன்னேறினாலும் இந்தப் பந்தயத்துக்கு அதன் சுமை ஏறாது. 2023இல் கோராக் ராம்ப்ளர் மார்ச் மாதம் செல்ட்னம் பந்தய விழாவில் ஜெயித்தது. ஆனாலும் எய்ன்ட்ரீயில் அதன் முதுகில் பழைய 10 ஸ்டோன் 5 பவுண்டுதான். ஃபேவரிட்டாகக் கிளம்பி ஜெயித்தும் காட்டியது. கார்டைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது இந்த இடைவெளியைத்தான்.

மழை பெய்தால் கணிப்பை மாற்ற வேண்டுமா? (டொராண்டோ)

கட்டாயம். 1990இல் காய்ந்த தரையில் மிஸ்டர் ஃபிரிஸ்க் 8 நிமிடம் 47.8 நொடியில் ஓடி முடித்தது. 2001இல் சேறு. ரெட் மராடர் கோலுக்கு வர 11 நிமிடம் ஆனது. முடித்தவை மொத்தமே நான்கு, அதிலும் இரண்டு நடுவில் ஜாக்கியை இழந்து, மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தவை. இன்று அப்படி மறுபடி ஏறுவதற்கு அனுமதி இல்லை.

இப்போது மைதானத்தார் தண்ணீர் விட்டு, தரை காய்ந்து இறுகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே பயப்பட வேண்டியது வெயிலுக்கு அல்ல, வெள்ளிக்கிழமை ராத்திரி மழைக்கு. உங்கள் குதிரை இளகிய தரையில் மூன்று மைலுக்கு மேல் ஓடி ஜெயித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மழை வந்ததும் அடியுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் எண்களோடு சில எழுத்துகள் வருகின்றனவே? (மதுரை)

எண் என்றால் அந்த ஓட்டத்தில் வந்த இடம். 'எஃப்' இருந்தால் குதிரை விழுந்தது. 'யு' இருந்தால் குதிரை விழவில்லை, ஜாக்கி மட்டும் விழுந்தார். மற்ற எழுத்துகள், பாதியில் ஜாக்கியே நிறுத்தியதையோ, விழுந்த இன்னொரு குதிரை தட்டிச் சாய்த்ததையோ, தாண்ட மறுத்ததையோ குறிக்கும். சாய்க்கப்பட்டதைப் பொருட்படுத்த வேண்டாம், அது குதிரையின் தப்பில்லை. ஒரே வரியில் இரண்டு 'எஃப்' என்றால் யோசிக்காமல் அடியுங்கள்.

பெரிய ஜாக்கி எந்தக் குதிரையைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதைப் பின்பற்றினால் போதாதா? (சிங்கப்பூர்)

நானும் அப்படித்தான் நினைத்தேன், 2025 வரை. பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ் லாயத்தின் முதல் ஜாக்கி பால் டவுனெண்ட், முந்தைய வருஷம் ஜெயித்த ஐ ஆம் மேக்ஸிமஸில் ஏறினார். அதே லாயத்தின் நிக் ராக்கெட்டில் ஏறியவர் வில்லியின் மகன் பேட்ரிக், சம்பளம் வாங்காத அமெச்சூர். ஒன்றுக்கு 33 என்று விலை, அதாவது ஜெயித்தால் கட்டிய ஒரு ரூபாய்க்கு 33 ரூபாய் லாபம். டவுனெண்ட் ஏறவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நான் அந்தப் பெயரை அடித்தேன். மகன் ஜெயித்தார், டவுனெண்ட் இரண்டாவது, மூன்றாவதும் அதே லாயம். டிவியில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாயத்தைப் பின்பற்றுவதில் அர்த்தம் இருக்கிறது, ஜாக்கியைப் பின்பற்றுவதில் அவ்வளவு இல்லை. இன்னொரு தடயமும் அங்கேயே கிடந்தது. 2024இலும் 2025இலும் நேஷனலை ஜெயித்த இரண்டு குதிரைகளும் அந்தந்த வருஷம் பிப்ரவரியில் அயர்லாந்தின் ஃபேரிஹவுஸில் பாபிஜோ சேஸ் என்ற பந்தயத்தை ஜெயித்துவிட்டு வந்தவை. அந்த ஓட்டத்தின் முடிவை இப்போது தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே? ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? (யாழ்ப்பாணம்)

1967ஐக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். ஜாக்கி இல்லாமல் ஓடிய ஒரு குதிரை 23வது தடைக்கு முன்னால் குறுக்கே பாய, பின்னால் வந்தவை மோதி நின்றன. ரொம்பப் பின்தங்கி வந்த ஃபாய்னாவனுக்கு மட்டும் வழி கிடைத்தது. ஒன்றுக்கு 100 விலையில் ஜெயித்தது. அந்தப் பாதையில் இருப்பதிலேயே குட்டையான தடைகளில் அது ஒன்று என்பதுதான் வேடிக்கை. இன்றைக்கும் அந்தத் தடைக்கு ஃபாய்னாவன் என்றே பெயர்.

அப்படி ஒரு நாளை யாரும் கணிக்க முடியாது. அதற்காக மற்ற நாட்களையும் அந்தக் கணக்கில் எழுத முடியுமா?

"ஈச் வே" என்கிறார்களே, நம் ஊர் பிளேஸ் மாதிரியா? (பர்மிங்ஹாம்)

வின் (ஜெயிப்பது), பிளேஸ் (முதல் சில இடங்களுக்குள் வருவது) இரண்டையும் ஒரே சீட்டில் கட்டுவது. 5 பவுண்டு ஈச் வே என்றால் கையிலிருந்து போவது 10. குதிரை ஒன்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஹேண்டிகேப்பில் வழக்கமாக முதல் நான்கு இடத்துக்குள் வந்தால், விலையில் கால் பங்கு, அதாவது ஒன்றுக்கு 5. குதிரை மூன்றாவது வந்தால் வின் பணம் 5 போச்சு. பிளேஸில் 25 லாபம், கட்டிய 5 திரும்பும். ஆக 10 கொடுத்து 30 வாங்குகிறீர்கள். நேஷனலுக்கு மட்டும் சில புக்கிகள் ஐந்து, ஆறு இடம்வரை கொடுப்பார்கள், விசாரித்துக் கட்டுங்கள்.

2021இல் ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸில் ஜெயித்து, நேஷனலை வென்ற முதல் பெண் ஜாக்கி ஆனார். எல்லோருக்கும் அது நினைவிருக்கும். இரண்டாவது வந்த பால்கோ டி ஃப்ளோவின் விலை ஒன்றுக்கு 100 என்பதை அதில் ஈச் வே கட்டியவர்கள்தான் நினைவில் வைத்திருப்பார்கள். விலை ஒன்றுக்கு 8க்குக் கீழே இருந்தால் ஈச் வே கட்டுவதில் சுகமில்லை.

அன்றைக்கு மற்ற பந்தயங்களும் உண்டே? (கோவை)

உண்டு. மனம் விட்டுச் சொன்னால், கணிக்க நேஷனலைவிட அவைதான் சுலபம். லிவர்பூல் ஹர்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மைல், தாழ்வான ஹர்டில் தடைகள், ஹேண்டிகேப் சுமை கிடையாது, குதிரைகளும் குறைவு. தரமான குதிரை தரத்துக்கேற்ப ஓடும். பிக் பக்ஸ் 2009 முதல் 2012 வரை செல்ட்னத்தில் நெடுந்தூர ஹர்டிலை ஜெயித்துவிட்டு வந்து இங்கேயும் நான்கு தடவை ஜெயித்தது.

ஆனால் எல்லாக் குதிரையும் பிக் பக்ஸ் இல்லை. செல்ட்னத்தில் கடைசி நீட்டம் மேடு. எய்ன்ட்ரீ தட்டையானது, வளைவுகளும் கூர்மை. அங்கே மேட்டில் மூச்சுவாங்கி இரண்டாவது, மூன்றாவது வந்த வேகமான குதிரை இங்கே பழி தீர்க்கலாம். அதுவும் மார்ச் ஓட்டத்தின் களைப்பு ஜெயித்த குதிரைக்கு இன்னும் தீராமல் இருந்தால்.

தமிழ்நாட்டிலிருந்து ஆன்லைனில் பெட் கட்டலாமா? (திருச்சி)

வேண்டாம். குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் நம் சென்னை ரேஸ் கிளப் வழக்கில்தான். அந்தத் தீர்ப்பைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டுத் தளங்களில் பணம் கட்டப் போகாதீர்கள். காகிதத்தில் கட்டிப் பாருங்கள், புத்தி அதிலும் வளரும்.

இது மிருகவதை இல்லையா? மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். (பாரிஸ்)

இந்தக் கேள்வியைத் தட்டிவிட மாட்டேன். 2023இல் எதிர்ப்பாளர்கள் மைதானத்துக்குள் நுழைந்ததால் பந்தயமே தாமதமானது. அன்று முதல் தடையிலேயே ஹில் சிக்ஸ்டீன் இறந்தது. அடுத்த வருஷம் குதிரைகளின் உச்ச எண்ணிக்கையை 40இலிருந்து 34ஆகக் குறைத்தார்கள். வேகம் பிடிக்காமல் இருக்க முதல் தடையைக் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். 11வது தடையின் உயரத்தையும் இரண்டு அங்குலம் குறைத்தார்கள். 2024இல் ஓடிய 32இல் ஒன்றுகூட விழவில்லை. ஆனால் 2025இல் 13 வயது செலெப்ரே டாலன் ஓட்டத்துக்குப் பின் சரிந்து, சில நாட்களில் இறந்தது. ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. பார்க்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. நான் பார்க்கிறேன். எல்லாக் குதிரையும் கால் ஊன்றி லாயத்துக்குத் திரும்பியதா என்று கேட்டுவிட்டுத்தான் டிவியை அணைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர்! (பெயர் போடவில்லை)

வியாழக்கிழமை காலை இறுதிப் பட்டியல் வரும்வரை பெயர் சொல்வது ஜோசியம். வந்ததும் இப்படிச் செய்யுங்கள். பத்து வயதும் அதற்கு மேலும் அடியுங்கள். மூன்று மைலுக்கு மேல் ஜெயித்தே இராதவற்றை அடியுங்கள். அடிக்கடி விழுபவற்றை அடியுங்கள். பிப்ரவரிக்குப் பிறகு ஓடி ஏமாற்றியவற்றை அடியுங்கள். ஆறு பெயர் மிஞ்சும். அதில் பிப்ரவரிக்குப் பிறகு ஜெயித்தது எதுவோ அதுதான் என் குதிரை. அப்படி இரண்டு இருந்தால் விலை அதிகமுள்ளது.

பந்தயம் அங்கே மாலை 4 மணிக்கு, இந்திய நேரம் இரவு 8:30. அந்த ஆறில் ஐந்தை வைத்துக்கொண்டு ஒன்றைக் கடைசி நிமிஷத்தில் அடிப்பது என் வழக்கம். எதை அடித்தேன் என்று பந்தயம் முடிந்தபின் கேளுங்கள்.