ஜெர்மன் கால்பந்தின் ஃபெலிக்ஸ் மகாத் ஆட்டக்காரராகப் பெரியவரா, பயிற்சியாளராகப் பெரியவரா?

பலர் 1983 ஏதென்ஸ் இறுதிப் போட்டியைச் சொல்வார்கள். ஹாம்பர்க் அணியின் நடுக்கள வீரரான மகாத், எட்டாவது நிமிடத்தில் தொலைவிலிருந்து இடது காலால் அடித்த கோல் யுவென்டஸை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தது. எதிரணியில் பிளாட்டினி, பாவ்லோ ரோஸி, டினோ ஸோஃப் என்று நட்சத்திரப் பட்டாளம்!

ஆனாலும் என் ஓட்டு பயிற்சியாளர் மகாத்துக்கே. பயர்ன் மியூனிக்கில் 2005, 2006 என அடுத்தடுத்து ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை இரண்டையும் வென்றார். அங்கே பணபலம் இருந்தது என்று வாதிடலாம். 2009இல் வொல்ஃப்ஸ்பர்க்கை முதன்முறையாக ஜெர்மன் சாம்பியனாக்கியதற்கு அந்த வாதம் செல்லாது. அந்த அணியின் முன்கள வீரர்கள் கிராஃபிட்டேயும் எடின் ஜெக்கோவும் அந்தப் பருவத்தில் சேர்ந்து 54 லீக் கோல்கள் அடித்தார்கள். அவர்களிடம் பயர்ன் 5-1 என நொறுங்கியது. பின்னணியில் கனமான உடற்பயிற்சிப் பந்துகள் (மெடிசின் பால்), குன்றுப் படிகளில் ஓட்டம் என்று வீரர்களை வறுத்தெடுக்கும் பயிற்சி. அந்தக் கண்டிப்பு எல்லா இடத்திலும் எடுபடவில்லை: 2014இல் அவர் பயிற்சியில் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் தரமிறங்கி, கீழ்ப் பிரிவு லீக்குக்குப் போனது. 2022இல் ஹெர்தா பெர்லினைத் தரமிறக்கத்திலிருந்து காப்பாற்றினார். அதற்கு அவர் தோற்கடிக்க வேண்டியிருந்தது ஹாம்பர்க்கை.