கேமராவைக் கேபிளில் இணைத்தால் பென் டிரைவ் போல ஏன் தெரிவதில்லை?

கடலூர் சில்வர் பீச்சில் விடியற்காலையில் எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்றக் கேபிளைச் செருகுகிறீர்கள். பென் டிரைவுக்கு வருவது போல விண்டோஸில் ‘இ’, ‘எஃப்’ என்று டிரைவ் எழுத்து வராது. பெரும்பாலும் கேமராவின் மாடல் பெயர்தான் வரும். காரணம், பல கேமராக்கள் பி.டி.பி. (பிக்சர் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்) என்ற முறையில் பேசுகின்றன. படங்களைக் கேட்டு வாங்குவதற்கான ஓர் ஒப்பந்தம் அது, அவ்வளவுதான்.

பென் டிரைவ் சூப்பர் மார்க்கெட் மாதிரி: கணினியே உள்ளே போய் எடுக்கும், வைக்கும். பி.டி.பி. ரேஷன் கடை. வெளியே நின்று கேட்க வேண்டும், உள்ளே இருப்பவர் எடுத்துத் தருவார். கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் படங்கள் பதிவாகும் மெமரி கார்டில் கேமராவும் கணினியும் ஒரே நேரத்தில் எழுதினால், எந்தப் படம் எங்கே என்ற பட்டியலே குழம்பிவிடும். அதனால் கார்டின் பொறுப்பைக் கேமரா தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது.

சரி, டிரைவ் எழுத்துதான் வேண்டுமா? கேமராவை அணைத்துவிட்டு, கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போடுங்கள். கேமரா பேட்டரியும் மிச்சம். நான் செய்வது அதைத்தான்.

எழுத்து வரவில்லை என்றதும் கார்டு கெட்டுவிட்டதாக நினைத்து ஃபார்மேட் செய்துவிடுபவர்கள் உண்டு. கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மாடல் பெயரைத் திறந்து படங்கள் இருக்கும் டிசிஐஎம் (DCIM) ஃபோல்டருக்குள் பாருங்கள்.